ஸ்கார்பரோவில் கோட்டை இல்லை என்று எழுதினேன்

1

போன சனிக்கிழமை இன்னொன்று வாங்கினேன். சட்டைப் பையில் அடங்குகிற ஊசிக் கூடு. வெளிறிய மரம். அதன்மேல் கறுப்பு மையில் ஒரு கடற்கரை, ஒரு இரும்புப் பாலம், குன்றின் உச்சியில் ஒரு கோட்டை. அடியில் பொடி எழுத்தில் ஊர்ப் பெயர். நான் பஸ் கண்டக்டராக வேலை பார்க்கும் ஊரின் பெயர்தான், ஸ்கார்பரோ.

விக்டோரியா ராணி காலத்தில் ரயில் வந்த புதிதில் இந்த நாட்டு ஜனங்கள் கடலைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். வேளாங்கண்ணிக்குப் போனால் மாதா படம் வாங்காமல் நாம் திரும்புவோமா? அப்படித்தான் இவர்களும். போன ஊரின் படம் ஒட்டிய மரச்சாமான் ஒன்றை நினைவுக்கு வாங்கினார்கள். நூல்கண்டுப் பெட்டி, முட்டைக் கிண்ணம், காகிதம் வெட்டும் கத்தி என்று எல்லாமே உள்ளங்கை அளவுதான். வாங்கியவர்கள் செத்துப்போனார்கள். பேரப்பிள்ளைகள் கழித்துக் கட்டிய சாமான்கள் இப்போது பழைய சாமான் கடைகளில், உடைந்த கடிகாரத்துக்கும் ஒற்றைக் காதுக் கோப்பைக்கும் நடுவில் கிடக்கின்றன.

கடைக்கார அம்மாளுக்கு என்னை நன்றாகத் தெரியும். உள்ளே நுழைந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்துவிடுவாள். கீல் அசலா, மூடி அதே பெட்டியின் மூடிதானா, வார்னிஷில் வெடிப்பு உண்டா என்று நான் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதை வேடிக்கை பார்ப்பாள். மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தால் பழைய பெட்டி என்றால் ஒரு காய்ந்த இனிப்பு வாசம் வரும். புதிதாக வார்னிஷ் அடித்து ஏமாற்றியது என்றால் மண்ணெண்ணெய் நெடி அடிக்கும்.

"உங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஆள் உண்டா?" என்று கேட்டாள்.

"ஒருவர் இருந்தார்" என்றேன்.

வீட்டில் என் மனைவி நோரா ஊசிக் கூட்டைப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். அவள் ஐரிஷ்காரி. கோபம் வந்தால் பாத்திரங்களோடு பேசுவாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவின் மூன்றாம் வருஷப் பூசை. சாமியார் பலிபீடத்தில் அவர் பெயரைச் சொல்லும்போது நாக்கு சுளுக்கி, "ஆரூல்... ஆரூல்பன்" என்றார். என் மகள் ரோஸ் களுக்கென்று சிரித்தாள். அவளுக்கு ஆறு வயது. அது அவள் பெயரின் பின்பாதியும்தான்.

2

சூரமங்கலத்தில் இதைப் படிக்கிற பழைய ரயில்வே குடும்பங்களுக்குக் கூட்ஸ் கிளார்க் அருளப்பனை ஞாபகம் இருக்கலாம். வெள்ளைக் கால்சட்டை, சாயம் போன தொப்பி, பூசைக்கு முதல் வரிசை. அவர் என் அப்பா.

வெள்ளைக்காரர்கள் சேலத்தை விட்டுப் போன வருஷங்களில் அவர்கள் பங்களாக்களில் ஏலம் நடக்கும். மற்றவர்கள் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் போனார்கள். அப்பா இந்த மரப் பெட்டிகளுக்காகப் போனார். ஏற்காட்டிலிருந்து இறங்கிவரும் சாமான் மூட்டைகள் கூட்ஸ் ஷெட்டில் கிடக்கும்போதே, எந்தத் துரைசானியிடம் எது இருக்கிறது என்று விசாரித்து வைத்திருப்பார். முப்பத்தேழு சேர்த்தார். அதில் இருபதுக்கு மேல் ஸ்கார்பரோ. அந்த ஊர்க்காரக் குடும்பம் எதுவோ ஏற்காட்டில் இருந்திருக்க வேண்டும்.

கூடத்தில் ஒரு கண்ணாடி பீரோ. உள்ளே அவை வரிசையாக நிற்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மல் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றையும் துடைப்பார். அந்தச் சமயத்தில் வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. "இது கையால வரைஞ்சது. ஒரு பெட்டிக்கு ஒரு மாசம் உக்காந்து வரைஞ்சிருக்கான்" என்பார். பீரோ சாவி அவர் இடுப்பில் இருக்கும். அம்மாவுக்கு அரிசிப் பானையைத் தவிர வேறெதன்மேலும் அதிகாரம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா லூர்து மேரிக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பீரோ திறந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூல்கண்டுப் பெட்டி ஒன்றை எடுத்துத் தன் கண்ணாடி வளையல்களை உள்ளே வைத்துவிட்டாள். அப்பா சத்தம் போடவில்லை. கையை நீட்டச் சொன்னார். கோட்டைப் படம் போட்ட காகிதக் கத்தியை எடுத்து விரல் கணுக்களில் அடித்தார். எட்டு அடி. பிறகு கத்தி கீறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அம்மா அடுப்படி வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அக்கா அழவில்லை. அவள் அழாததுதான் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

3

நாமகிரிப்பேட்டையிலிருந்து மஞ்சள் மூட்டைகளை ரயிலில் ஏற்ற வரும் விவசாயிகளில் பழனியப்பன் என்று ஒருவர். ஒருநாள் கூட்ஸ் ஷெட்டில் அப்பா இல்லை என்று கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தது அக்கா. அதற்குப் பிறகு அடிக்கடி கையெழுத்து தேவைப்பட்டது. ஒரு வருஷம் கழித்து அக்கா அவரோடு போய்விட்டாள். அவர்கள் இந்துக்கள், காடு கழனி வேலை செய்கிற குடும்பம். அப்பா குடும்பப் படத்திலிருந்து அக்கா நின்ற பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி சட்டத்துக்குள் மாட்டினார். அக்காவின் கை மட்டும் என் தோளில் இருந்தது. அதை வெட்ட முடியவில்லை.

இரண்டு வருஷத்தில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ரயில்வே ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "லூர்துவைக் கூட்டிட்டு வாடா. ஒரு தரம் பாத்துக்கறேன்."

எனக்கு அப்போது இருபது வயது. அப்பாவுக்குத் தெரியாமல் ராசிபுரம் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, நாமகிரிப்பேட்டைக்குப் போய்ச் சொன்னேன். அக்கா கையிலிருந்த களைக்கொத்தைக் காட்டிலேயே போட்டுவிட்டு, கைக்குழந்தையோடு கிளம்பினாள். மச்சானும் வந்தார். நான் முந்திய பஸ்ஸில் வந்து ஒன்றும் தெரியாதவன் போல வீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா எழுந்துபோய் நிலைப்படியை மறித்து நின்றார்.

"அம்மாவப் பாக்கணும்பா" என்றாள் அக்கா.

"இந்த வீட்டுல உனக்கு யாரும் இல்லை."

மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "ஏனுங்க, அவ மட்டும் ஒருக்காப் பாத்துட்டு வந்துறட்டுங்க. நான் ரோட்டுலயே நின்னுக்கறனுங்க. பச்சப்புள்ளையைக்கூட நானே வெச்சுக்கறனுங்க."

 அப்பா என் பக்கம் திரும்பாமலே, "அந்தோணி, கதவைச் சாத்து" என்றார்.

நான் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன். கதவு மூடும்போது அக்கா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அம்மாவுக்குக் குரல் கேட்டுவிட்டது. "லூர்து வந்துட்டாளா? உள்ள வரச் சொல்லு. லூர்து..." என்று கூப்பிட ஆரம்பித்தாள். வெளியே குழந்தை அழுதது. கதவுக்கு இரண்டு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஜெபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். நான் பதில் ஜெபம் சொன்னேன். பொழுது சாய்கிறபோது வெளியே சத்தம் நின்றது. உள்ளே அம்மா நிறுத்தவில்லை. மறுநாள் காலைப் பூசை மணி அடிக்கும்போது அவள் உயிர் போயிற்று.

அடக்கத்துக்கு அக்கா கல்லறைச் சுவருக்கு வெளியே நின்றாள். வீட்டுக்கு வந்து குளித்ததும் அப்பா பீரோவைத் திறந்து துணியை எடுத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

4

ஐம்பத்தெட்டில் கப்பல் ஏறினேன். சேலம் ஜங்ஷனில் அப்பா கையை ஆட்டவில்லை. "முடிஞ்சா அந்த ஊருக்குப் போய்ப் பாரு. எனக்கு எழுது" என்றார். வேறு புத்திமதி சொல்லவில்லை.

இந்த நாட்டில் வேலைக்குப் பதிவு செய்கிற ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், என் பாஸ்போர்ட்டில் இருந்த 'ஏ' என்ற தலைப்பெழுத்து என்ன என்று கேட்டாள். அப்பா பெயர் என்றேன். "அப்படியானால் அதுதான் உங்கள் குடும்பப் பெயர்" என்றாள். இல்லையம்மா, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, என் பெயர் அந்தோணிசாமி, அது மட்டும்தான் நான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டத்துக்குள் அருளப்பன் என்று எழுதினாள். யாரிடமிருந்து ஓடிவந்தேனோ அவர் பெயரை அன்றிலிருந்து என்மேல் ஒட்டிவிட்டார்கள். சம்பளச் சீட்டில், டாக்டர் வீட்டில், பிறகு கல்யாணப் பதிவேட்டில், மகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாம் நான் மிஸ்டர் அருளப்பன். "அருளப்பன், வண்டியில் ஏறு" என்று டிப்போவில் கத்தும்போது இப்போதும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

நோராவின் சித்தி ஸ்கார்பரோவில் இருந்தாள். கல்யாணம் ஆனதும் அங்கே வேலை கிடைத்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த முதல் நாள் எனக்கு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. நான் யாரிடமும் வழி கேட்கவில்லை. வலப்பக்கம் திரும்பினால் பாலம் வரும் என்று தெரிந்தது, வந்தது. பாலத்தைத் தாண்டினால் கீழே வளைகிற கடற்கரை, அதற்கு மேல் குன்று, குன்றின்மேல் கோட்டை. மாதா கோவில் கோபுரம்கூடப் பெட்டியில் இருந்த அதே இடத்தில் இருந்தது. ஒரு கோடு மாறவில்லை. நான் நடைபாதையில் நின்றுவிட்டேன். நோரா, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து தினமும் எட்டுத் தடவை என் வண்டி அந்தக் கோட்டைக்கு அடியில் போய்த் திரும்புகிறது. ஒருமுறை குடிகாரன் ஒருவன் சண்டை போட்டபோது வாய் தவறி, "எறங்குடா" என்று தமிழில் கத்தினேன். மறுபேச்சு இல்லாமல் இறங்கிப் போனான். என் தமிழுக்கு இந்த ஊரில் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

5

அப்பா மாதம் ஒரு கடிதம் எழுதினார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. கேள்விகளுக்கு எண் போட்டிருப்பார். பாலத்தின் தூண்களுக்கு என்ன வர்ணம்? படத்தில் தெரியவில்லை. கோட்டைச் சுவர் கறுப்பா, காவியா? கடற்கரையில் நிற்கும் சக்கரம் வைத்த குடில்கள் எதற்காக? அம்மாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. அக்கா பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நான் இரண்டு வரி எழுதுவேன். சுகம், குளிர் அதிகம், வேலை இருக்கிறது. ஸ்கார்பரோவில்தான் இருக்கிறேன் என்று விலாசத்தில் அவர் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு கேள்விகள் இருமடங்கு ஆயின. நான் பதில் சொல்லவில்லை. அந்த ஊரை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரோஸுக்கு இரண்டு வயது நடக்கும்போது அவள் படம் ஒன்று அனுப்பினேன், நோரா கட்டாயப்படுத்தியதால். அப்பாவின் பதிலில் பதினோரு கேள்விகள். அவற்றுக்குக் கீழே, 'பெண் பிள்ளை. ஆரம்பத்திலேயே கண்டித்து வளர். நம் குடும்பத்தில் ஒன்று கெட்டுப்போனது போதும்' என்று ஒரு வரி.

அந்த வரியைப் பல தடவை படித்தேன். பிறகு பழைய சாமான் கடைக்குப் போய், அந்த அம்மாளிடம் இந்தப் பெட்டிகள் எப்படிச் செய்யப்பட்டன என்று விவரமாகக் கேட்டுக்கொண்டேன். வேலை நேரத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டே வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கினேன். இரண்டு நாள் ஆயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.

'அன்புள்ள அப்பாவுக்கு. உங்கள் கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் எழுதுகிறேன். இங்கே கோட்டை இல்லை. போரில் குண்டு விழுந்து தரைமட்டமாகிவிட்டது. பாலத்தைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கடற்கரையில் மீன் குடலைக் கொட்டுகிறார்கள், நாற்றம் தாங்காது. உங்கள் பெட்டிகளை யாரும் கையால் வரையவில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு ஆலையில் செப்புத் தகட்டிலிருந்து காகிதத்தில் அச்செடுத்து, மரத்தில் ஒட்டி எடுத்து, மேலே வார்னிஷ் பூசி ஆயிரக்கணக்கில் தள்ளினார்கள். வீட்டு வேலைக்காரப் பெண்கள் லீவுக்குக் கடற்கரை வந்தால் வாங்கிப்போகிற சாமான் அது. நல்ல குடும்பங்களில் வைப்பதில்லை. இப்போது கிடைத்தால் அடுப்பெரிக்கிறார்கள். நீங்கள் இருபது வருஷமாகத் துடைத்தது அதைத்தான்.'

ஆலையைப் பற்றி எழுதியது நிஜம். மற்றதெல்லாம் பொய். தபால்பெட்டி கோட்டைக்குப் போகிற ஏற்றத்தில் இருக்கிறது. அதில் போட்டேன்.

6

அப்பாவிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. நாலாம் மாதம், மார்ச்சில், டிப்போவுக்குத் தந்தி வந்தது. மேலதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு அதை நீட்டினார். ஆபீஸ் பையன்கள் குழம்பிப் போயிருந்தார்கள். அருளப்பன் இறந்துவிட்டார் என்று இருந்தது, அருளப்பன் எதிரே நின்றுகொண்டிருந்தான்.

போக முடியாது என்று சொன்னேன். உண்மையில் விசாரிக்கவே இல்லை. அன்று மாலை நோரா செய்திருந்த கறியை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம். அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம். நாமகிரிப்பேட்டை அவள் பேச்சில் ஏறியிருந்தது.

'தம்பி, அப்பா செத்துப்போறதுக்கு ஒம்பது நாளுக்கு முன்னால இங்க வந்தாரு. மஞ்சள் வேக்காடு நடந்துட்டு இருந்துச்சு. டிரங்குப் பொட்டியத் தலையில வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல இருந்து நடந்தே வந்தாரு. உங்க மச்சான் கும்புட்டு, ஊட்டுக்குள்ள வாங்கன்னு கூப்புட்டாரு. நான் விடலை. அடுப்புல மஞ்சள் வேகற கொப்பரை கிட்டயே நிக்க வெச்சேன். பொட்டியத் தொறந்தேன். எல்லாம் மல் துணி சுத்தி வெச்சிருந்தாரு. ஒண்ணொண்ணா எடுத்து அடுப்புல போட்டேன். முப்பத்தேழு. வார்னிஷ் மரமில்ல, திகுதிகுன்னு எரிஞ்சுது. அவரு தடுக்கலை. பாத்துட்டே நின்னாரு. உங்க மச்சான் மோர் குடுத்தாரு, குடிச்சாரு. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிட்டாரு. பையில நீ எழுதுன கடுதாசி இருந்துச்சு. அதையும் படிச்சேன். அவரைச் சூரமங்கலத்துக்காரங்க அடக்கம் பண்ணிட்டாங்க. நான் போகலை.'

அவ்வளவுதான். படித்து முடித்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை. என் கடிதம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். ஊர் இல்லை என்று ஆனதும் பெட்டிகள் அவருக்கு வேண்டாதவையாகி, தூக்கிக்கொண்டு போய் மகளிடம் கொடுத்திருக்கிறார். கேட்கக்கூட வாய் வராமல் நின்றிருக்கிறார். அந்தக் காட்சியைப் பல மாதம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன், அதில் ஒரு ருசி இருந்தது. எப்போது அது கசந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை பழைய சாமான் கடை வாசலில் கால் நின்றது. அன்று ஒரு முட்டைக் கிண்ணம் வாங்கினேன். பிறகு அவர் வைத்திருந்தது போலவே ஒரு நூல்கண்டுப் பெட்டி. அவரிடம் என்னென்ன இருந்தன என்று எனக்குப் பட்டியல் தேவையில்லை. முப்பத்தேழில் முப்பத்தொன்று சேர்த்துவிட்டேன்.

ரோஸின் பள்ளிக்கூடத்தில், தாத்தா பாட்டியின் ஊரிலிருந்து ஏதாவது ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னார்களாம். அவள் என்னைக் கேட்காமல் ஒரு பெட்டியை எடுத்துப்போய், "என் தாத்தா ஸ்கார்பரோக்காரர்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அழுதுகொண்டு வந்தாள். "பின்னே எதுக்கு எல்லாத்துலயும் ஸ்கார்பரோன்னு போட்டிருக்கு?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.  பெட்டியைத் திருப்பி வாங்கி, மூலையில் அடிபட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். நோரா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

7

அன்று ராத்திரியே அக்காவுக்கு எழுதினேன். கோட்டை இருக்கிறது, பாலம் இருக்கிறது, தூண்களுக்குப் பச்சை வர்ணம், கோட்டைச் சுவர் மழை பெய்தால் கறுப்பு, வெயில் அடித்தால் காவி, எல்லாம் பெட்டியில் இருந்தபடியே இருக்கின்றன, நான் வேண்டுமென்றே பொய் எழுதினேன், அந்தப் பொய்தான் அவரைக் கொன்றது என்று நாலு பக்கம். மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

பதில் இந்த மாதம், பூசைக்கு மூன்று நாள் கழித்து வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

'தம்பி, கோட்டை இருக்குதுன்னு அவருக்குத் தெரியும். உன் கடுதாசி வந்ததும் ஏற்காட்டுக்குப் போய் அங்க மிச்சம் இருக்கற வெள்ளைக்காரக் கெழவி ஒருத்திகிட்ட கேட்டிருக்காரு. அவளுக்கு அந்த ஊருல இருந்து கார்டு வந்திருந்துச்சாம், போன வருசத்துக் கார்டு. வர்ணப் படம். கோட்டை, பாலம் எல்லாம் அதுல இருந்துச்சு. அதை வாங்கிட்டு வந்து என்கிட்ட காட்டினாரு. அதுக்காவத்தான் பொட்டியத் தூக்கிட்டு வந்தாரு, வெச்சு ஒத்துப் பாத்துக் காட்டறதுக்கு. "இவன் ஏன் எனக்குப் பொய் எழுதறான்? நான் இவனுக்கு என்ன கொறை வெச்சேன்? உனக்காச்சும் தெரியுமா?"ன்னு கேட்டாரு. சண்டைக்குக் கேக்கலை. நெசமாலுமே தெரியாமத்தான் கேட்டாரு. நான் அவரு மூஞ்சியையே பாத்துட்டு நின்னேன். யோசிச்சுப் பாக்கட்டும், அம்மா பேரு ஒருக்கா வாயில வரட்டும்னு நின்னேன். வரலை. அப்பறந்தான் அடுப்புல போட்டேன். போடறப்பவும் எதுக்குன்னு அவருக்குப் புரியலை.

உன் பொய்யினால அவரு சாகலை. நெஞ்சு வலி ரெண்டு வருசமா இருந்துச்சாம். உன்னை நீயே பெரிசா நெனச்சுக்காத.

நாலு பக்கத்தையும் ரெண்டு தரம் படிச்சேன். அதுல கோட்டை இருக்குது, பாலம் இருக்குது, அவரு இருக்காரு, நீ இருக்கற. நான் இல்லை. அன்னைக்கி ரோட்டுல எத்தனை நாழி நின்னேன், புள்ளைக்கு என்ன ஆச்சு, எப்பிடி ஊடு வந்து சேந்தேன்னு இத்தனை வருசத்துல ஒருக்காக்கூட நீ கேட்டதில்லை. அந்தப் புள்ளை இப்ப இல்லை. அது போயி ஒம்பது வருசம் ஆச்சு. அவராச்சும் என்ன தப்புன்னு என் வாசல் வரைக்கும் வந்து கேட்டாரு.'